ஹீட்டர் காற்றுக்கா, வேருக்கா? நியூஜெர்சிக் குளிரில் தொட்டிப் பழமரங்கள்

கேள்வி, நவம்பர் 2

எடிசன் பக்கம் இருக்கிறோம். கொல்லையில் 6-க்கு 8 அடி பாலிகார்பனேட் கிரீன்ஹவுஸ் ஒன்று புதிதாகப் போட்டோம். மல்லிகா மா, கொய்யா, சீத்தா, சப்போட்டா, வாழை, பப்பாளி, மேயர் எலுமிச்சை, கறிவேப்பிலை, எல்லாம் தொட்டியில். 1500 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே 22 டிகிரி வைக்கலாம் என்று எண்ணம். போதுமா? எத்தனை டிகிரியில் எது செத்துப்போகும்?

பதில், நவம்பர் 2, இரவு

22 எதற்கு? நாமே வீட்டுக்குள் 20-ல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கணக்கு இது. உங்கள் குடிலின் சுவர், கூரை எல்லாம் சேர்த்து 20 சதுர மீட்டர் வரும். 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 3.5 வாட் வெளியே ஓடிவிடும். மொத்தத்தில் டிகிரிக்கு 70 வாட். வெளியே மைனஸ் 10, உள்ளே 10 வேண்டுமென்றால் 1400 வாட். உங்கள் ஹீட்டர் திக்கித் திணறி அதைத் தரும், கதவிடுக்கில் காற்று புகாமல் இருந்தால். அதே இரவில் 22 கேட்டால் 2240 வாட். இந்த ஹீட்டரால் ஆகாது.

பணம் வேறு. 1400 வாட் 14 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 20 யூனிட். எங்கள் பில்லில் யூனிட் 20 செண்ட் பக்கம் வருகிறது. ஒரு குளிர் ராத்திரிக்கு 4 டாலர். அந்தக் காசுக்கு மாம்பழமே வாங்கலாமே என்று வீட்டில் கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள், எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

10-ஐக் குறி வையுங்கள். 7-க்கு இறங்கினால் பதற வேண்டாம்.

நவம்பர் 3

எது எப்போது சாகும் என்ற பாதிக்குப் பதில் சொல்லாமல் விட்டேன்.

மாங்கன்று மைனஸ் 1, மைனஸ் 2-க்கே அடிபடும். வளர்ந்த மரம் மைனஸ் 4 வரை கொஞ்ச நேரம் தாங்கும் என்பார்கள், ஆனால் தொட்டியில் நிற்பதை வளர்ந்த மரம் என்று எண்ண வேண்டாம். பூவும் பிஞ்சும் அதைவிட மென்மை. 4 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் போனாலே கருகும். கொய்யா கெட்டி, மைனஸ் 3-ல் மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். சப்போட்டாக் கன்று மைனஸ் 1. சீத்தாவும் அப்படித்தான், ஆனால் அது இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாழை 14 டிகிரிக்குக் கீழே வளர்வதை நிறுத்தும். உறைபனி பட்டால் இலை வெந்துபோன மாதிரி தொங்கும், கிழங்கு பிழைக்கும். நீங்கள் கேட்காத பலா: 0-ல் இலை, மைனஸ் 1-ல் கிளை, மைனஸ் 2-ல் மரமே போகும்.

பப்பாளி 0-க்குச் சற்றுக் கீழே சாகும். அதுவரை போகாது, அதற்கு முன்பே ஈர மண்ணில் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பப்பாளிக்கு ஆகவே ஆகாது. அதை நம்பி இந்தக் குளிர்காலத்துக்குள் போகாதீர்கள்.

இவையெல்லாம் உயிர் போகும் எண்கள். மரம் சுகமாக இருக்கும் எண் வேறு.

நவம்பர் 3, பிறகு

மறப்பதற்குள் ஒன்று. ஹீட்டரை எதில் செருகப் போகிறீர்கள்? 1500 வாட் என்றால் 12.5 ஆம்ப். 15 ஆம்ப் பிரேக்கரில் மணிக்கணக்காக ஓடும் எதற்கும் 12 ஆம்ப்தான் வரம்பு. அதனால் ஹீட்டரைக் குறைந்த நிலையில் வையுங்கள், அல்லது 20 ஆம்ப் லைனில் கொடுங்கள். கடையில் கிடக்கும் மெல்லிய ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். 12 கேஜ் தடித்த வயர், வெளியில் போடத் தகுந்தது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள். மா செத்தால் வேறு மா வாங்கலாம்.

நவம்பர் 8

டல்லாஸ் நண்பர் எழுதியிருக்கிறார்: கறுப்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்தால் பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் சூடு தரும், ஹீட்டரே வேண்டாம் என்று.

டல்லாஸில் சரியாக இருக்கலாம். இங்கே கணக்குப் போடுவோம். 55 காலன் டிரம் 208 லிட்டர். அது இரவில் 5 டிகிரி இறங்கினால் தருவது 1.2 யூனிட் சூடு, அதாவது 1500 வாட் ஹீட்டர் ஐம்பது நிமிடம் ஓடினால் கிடைப்பது. ஒரு சுமாரான குளிர் இரவுக்கு நமக்குத் தேவை 14, 15 யூனிட். ஆக 12 டிரம். ஒரு டிரம் வைக்க 2 அடிக்கு 2 அடி இடம் வேண்டும். 6-க்கு 8 அடித் தரையில் சரியாக 12 டிரம் பிடிக்கும். செடியை வெளியே வைத்துவிடலாம்.

அதோடு, பகலில் அந்த டிரம்மை யார் சூடாக்குவது? டிசம்பர் வெயிலில் உள்ளே காற்று 25-ஐத் தொடுவது இரண்டு மூன்று மணி நேரம். அத்தனை தண்ணீர் அதில் ஓரிரு டிகிரி ஏறினால் பெரிது.

நவம்பர் 9

குடிலைச் சூடாக்க மெழுகுவர்த்தி மேல் மண்சட்டி கவிழ்க்கும் வீடியோவைத் தயவுசெய்து இன்னொரு முறை அனுப்பாதீர்கள். ஒரு சின்ன மெழுகுவர்த்தி 30, 40 வாட். சட்டி கவிழ்த்தால் அது அதிகமாகாது, சட்டிதான் சுடும். 1400 வாட்டுக்கு நாற்பது மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். கார்த்திகைக்கே நாங்கள் அத்தனை அகல் வைப்பதில்லை.

நவம்பர் 15

எலுமிச்சை இலை கொட்டுகிறது, ஆனால் குடிலுக்குள் 12 டிகிரிக்குக் கீழே போகவே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

தெர்மோமீட்டர் எங்கே தொங்குகிறது? தோள் உயரத்தில். தொட்டி எங்கே இருக்கிறது? கான்கிரீட் தரையில். ஒரு சமையல் தெர்மோமீட்டரை எடுத்துத் தொட்டி மண்ணில் நான்கு அங்குலம் குத்திப் பாருங்கள். என் குடிலில் மேலே 12 காட்டிய காலையில் கீழே மண் 6 காட்டியது. சூடான காற்று கூரைக்குப் போகிறது, அங்கிருந்து வெளியே போகிறது. நாம் காசு கொடுத்துக் கூரையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

எலுமிச்சை வகை வேர்கள் 13 டிகிரிக்குக் கீழே போனால் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். மண் ஈரமாகத்தான் இருக்கும், வேர் தண்ணீர் எடுக்காது. அந்த நேரத்தில் காலைப் பத்து மணி வெயில் இலை மேல் விழுகிறது. இலை சூடாகி நீரை ஆவியாக விடுகிறது, கீழேயிருந்து எதுவும் ஏறி வரவில்லை. மரம் என்ன செய்யும்? இலையைக் கழற்றிப் போடும். பச்சை இலையாகவே, காம்பை மரத்தில் விட்டுவிட்டுத் தகடு மட்டும் விழும். அதைப் பார்த்து நாம் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறோம். ஊற்றியதில் வேர் அழுகுகிறது. குளிர்காலத்தில் தொட்டி எலுமிச்சை சாவதில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் போகின்றன, உறைபனியில் அல்ல.

ஆக என் கட்சி: காற்றை 7, 8-ல் விடுங்கள். வேரை 18-ல் வையுங்கள்.

நவம்பர் 16

எப்படி என்று நான்கு பேர் கேட்டாயிற்று.

தரையில் 2 அங்குல நுரைப் பலகை, கட்டடக் கடையில் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் கிடைப்பது. வெள்ளைத் தெர்மாகோல் உதிர்ந்து தொல்லை தரும். அதன் மேல் நாற்றுக்கு விற்கும் ஹீட் மேட், மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு. 4 அடி நீளம் உள்ளது 100 வாட் சொச்சம் தின்னும், நடுத்தரத் தொட்டி நான்கு அதில் நிற்கும். மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டாதீர்கள். அதன் சென்ஸரைக் காற்றில் தொங்கவிடாமல் மண்ணுக்குள் புதையுங்கள். 18-ல் நிறுத்துங்கள். ஹீட்டரைப் போல இதற்குப் பாதி மின்சாரம்கூட வேண்டாம், பத்தில் ஒரு பங்கு போதும்.

பெரிய தொட்டிக்கு, 15 காலனுக்கு மேல், மேட் அடியில் நான்கைந்து அங்குலத்தைத்தான் சூடாக்கும். பக்கவாட்டில் பபிள் ரேப் இரண்டு சுற்று சுற்றினால் அந்தச் சூடு மேலே ஏறும். இல்லாவிட்டால் பழைய கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், ஒரு பல்பு 7 வாட் தின்னும் பெரிய பல்பு ரகம், தொட்டியைச் சுற்றி வரிந்து அதன் மேல் போர்வை. எல்.இ.டி. சரம் பிரயோசனமில்லை, அழகுதான். நான் இரண்டையும் செய்து பார்த்து மேட்டுக்கே திரும்பிவிட்டேன். சரத்தில் ஒரு பல்பு தொட்டியின் பிளாஸ்டிக்கைத் தொட்டு அந்த இடம் குழைந்து பள்ளமானது. இடையில் ஒரு அட்டையாவது வையுங்கள்.

மண்தொட்டி வைத்திருப்பவர்கள்: பார்க்க லட்சணம், ஆனால் பக்கவாட்டில் நீர் கசிந்து ஆவியாகும்போதெல்லாம் குளிரும். குளிர்காலத்துக்கு பிளாஸ்டிக் தேவலை.

நவம்பர் 29

விடுமுறை, குளிர், வேறு வேலையில்லை. கொஞ்சம் ஊர் சுற்றுவோம்.

"வேரைச் சூடாக்கு" என்பது என் கண்டுபிடிப்பா என்று ஒருவர் கேலி செய்தார். முந்நூறு வருடப் பழசு. இங்கிலாந்தில் அன்னாசி வளர்த்த கதை தெரியுமா? 1720 வாக்கில் லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்டில் மாத்யூ டெக்கர் என்ற பணக்காரர் வீட்டுத் தோட்டத்தில் அன்னாசி காய்க்க வைத்தார்கள். வழி என்ன? தோல் பதனிட்டுக் கழித்த ஓக் மரப்பட்டைத் தூளைக் குழியில் கொட்டினார்கள். அது புளித்துப் புளித்து மாதக்கணக்கில் மிதமான சூடு தரும். அந்தப் பட்டைக்குள் தொட்டியைக் கழுத்துவரை புதைத்தார்கள். சாணக் குழியும் சூடு தரும், ஆனால் முதலில் கொதித்துப் பிறகு சட்டென்று ஆறிவிடும். பட்டை நின்று நிதானமாக எரியும் விறகு மாதிரி. நம்மூரில் தோல் பதனிட ஆவாரம்பட்டை போட்டார்கள், அதைக் குழியில் கொட்டி அன்னாசி வளர்க்க நமக்கு அவசியமே வரவில்லை.

பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சுக் குடில் நேர் எதிர்க்கட்சி. 1684-க்கும் 1686-க்கும் இடையில் கட்டியது, கட்டியவர் ஹார்டுவான் மான்சார். ஹீட்டர் கிடையாது. மீட்டர் கணக்கில் தடித்த சுவர், தெற்கு பார்த்த ஜன்னல், இரட்டைக் கண்ணாடி. குளிர்காலத்திலும் 5 டிகிரிக்குக் கீழே போகாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் மரப்பெட்டியில் நிற்கும், மே மாதம் வெளியே போய் அக்டோபரில் உள்ளே வரும். இன்றும் அப்படியே. எலுமிச்சையும் ஆரஞ்சும் குளிரில் வளர வேண்டாம், சாகாமல் இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டால் சூடே தேவையில்லை என்பதற்கு அது சாட்சி. அங்கே கான்கிரீட்டுக்கும் ஆறு மி.மீ. பிளாஸ்டிக்குக்கும் நடுவில் யாரும் தொட்டியை வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

சீனாவின் வடக்கே இன்னொரு வழி. வடக்குப் பக்கம் தடித்த மண்சுவர், தெற்கே சாய்ந்த பிளாஸ்டிக், பொழுது சாய்ந்ததும் அதன் மேல் வைக்கோல் பாயை உருட்டி விரிப்பார்கள். காலையில் சுருட்டுவார்கள். இதைப் படித்த பிறகுதான் வீடு மாற்றும்போது சாமானுக்குப் போர்த்தும் கனத்த போர்வைகளை வாங்கி, மாலை நாலரைக்குக் கூரை மேல் போட ஆரம்பித்தேன். காற்றடித்தால் பக்கத்து வீட்டு வேலியில் போய் உட்காரும், கிளிப் போட வேண்டும். ஆனால் ஹீட்டர் ஓடும் சத்தம் குறைந்தது காதுக்கே தெரிந்தது. உள்பக்கம் பபிள் ரேப் ஒட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும், வெளிச்சமும் கொஞ்சம் குறையும்.

டிசம்பர் 6

புரொபேன் ஹீட்டர் மலிவு என்று எழுதியவருக்கு. புகைபோக்கி இல்லாத எதையும் குடிலுக்குள் வைக்காதீர்கள். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே நிற்கும். காலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக மாங்குருத்தின் மேல் விழும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வரும். காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு, பூவையும் இலையையும் உதிர்க்கும். கார்பன் மோனாக்சைடு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹீட்டர் நிற்கிறதா என்று பார்க்க இரவில் உள்ளே போவது நீங்கள்தான்.

ஒரு சின்ன மேசை விசிறி மட்டும் நாள் முழுக்க ஓடட்டும், குறைந்த வேகத்தில். கூரைச் சூடு கீழே வரும், இலை காய்ந்திருக்கும். 20, 30 வாட் செலவில் இதைவிட நல்ல காரியம் இல்லை.

டிசம்பர் 14

நவம்பரில் எல்லாவற்றுக்கும் 10 என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னேன். இப்போது கொஞ்சம் பிரித்துச் சொல்லத் தோன்றுகிறது.

இங்கே டிசம்பர் 21-ல் பகல் 9 மணி 15 நிமிடம். அதில் பாதி மேகம். பாலிகார்பனேட், பபிள் ரேப் இரண்டையும் தாண்டி வரும் வெளிச்சத்தில் ஒரு மரம் ஒழுங்காக வளர முடியாது. சூட்டை மட்டும் கூட்டினால் வெளிறிய, நீண்ட, தொளதொளத்த குருத்து வரும். பிப்ரவரியில் அதன் மேல்தான் மாவுப்பூச்சி முதலில் குடியேறும். வெளிச்சம் இல்லாத இடத்தில் சூடு கொடுப்பது கெடுதல்.

அதனால் சீத்தாவுக்கு மேட்டே வேண்டாம். இலை உதிர்த்துவிட்டது, 7 டிகிரியில் தூங்கட்டும், தண்ணீரும் மாதத்துக்கு ஒரு முறை நாக்கை நனைக்கிற அளவு போதும். கொய்யாவும் அப்படியே. இலை சிவந்து ஊதா ஓடும், பயப்பட வேண்டாம். மேட்டில் எலுமிச்சை, சப்போட்டா, மா மூன்றுக்கும் இடம் கொடுங்கள். கறிவேப்பிலையை வீட்டுக்குள் தெற்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அங்கேயும் பாதி இலை கொட்டும், மார்ச்சில் வரும்.

மாவுக்குக் குளிர் கொஞ்சம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் மார்கழி, தைக் குளிருக்குப் பிறகுதானே பூக்கிறது? இரவு குளிர்ந்தால்தான் அதற்குப் பூக்க வேண்டும் என்று தோன்றும். 22-ல் வைத்திருந்தால் இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் மல்லிகாவின் தாய்மரம் நம்ம நீலம்தான், நீலத்தோடு தசேரியைச் சேர்த்து டெல்லியில் உருவாக்கிய ரகம். அந்த வழியில் பார்த்தால் அது பாதி நம்மூர்க்காரி.

டிசம்பர் 24

நாளை இரவு நன்றாக இறங்கும் என்கிறார்கள். 2022 டிசம்பர் 23 நினைவிருக்கிறதா? காலையில் மழை, ஜாக்கெட்டைக் கழற்றலாம் போல இருந்தது. இரவுக்குள் ரோடெல்லாம் கண்ணாடி. ஹீட்டர் சரியாகத்தான் இருந்தது. அன்று மழைநீர் பிளக்கில் இறங்கி ஜி.எஃப்.சி.ஐ. சாக்கெட், அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாக்கெட், தானாக அணைந்தது, இரவில் யாருக்கும் தெரியவில்லை. அப்போது எனக்கு இருந்த பலா அதில் போனது.

அதன் பிறகு படுக்கையறையில் ரிமோட் தெர்மோமீட்டர் ஒன்று, 6 டிகிரிக்கு அலாரம். குடிலுக்குள் இருக்கும் சென்ஸருக்கு லித்தியம் பேட்டரி போடுங்கள், சாதாரண ஆல்கலைன் குளிரில் படுத்துவிடும். பிளக் இணைப்பைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள்.

மின்சாரமே போனால்? இங்கே டல்லாஸ் நண்பரோடு ஓரளவு சமாதானமாகிறேன். 5 காலன் பக்கெட்டில் குழாய் வெந்நீர், 50 டிகிரி இருக்கும், மூடி போட்டு உள்ளே வையுங்கள். அது 10-க்கு ஆறுவதற்குள் முக்கால் யூனிட்டுக்கு மேல் சூடு தரும், அதாவது டிரம்மில் முக்கால்வாசி. ஐந்தாறு பக்கெட் வைத்து, மரங்களை ஒன்றோடொன்று நெருக்கி, மேலே போர்வை மூடினால் விடியும்வரை ஓட்டலாம். ஆக தண்ணீரில் தவறில்லை, அதை யார் சூடாக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம்.

டிசம்பர் 26

பிழைத்தன.

ஜனவரி 11

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: "தம்பி, உந்தக் கிரீன்ஹவுசுக்கு ஊத்திற கரண்டுக் காசை விடுங்கோ. வாழையின்ர இலையெல்லாத்தையும் வெட்டிப்போட்டுத் தொட்டியோட பேஸ்மென்டுக்குள்ள தள்ளி வையுங்கோ. நாங்கள் வருசா வருசம் அப்படித்தான்."

அக்கா சொல்வது சரி, மைனஸ் 20-ல் இருப்பவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். 7 முதல் 10 டிகிரி உள்ள இருட்டு பேஸ்மென்ட், கிட்டத்தட்டக் காய்ந்த மண், வாழை தூங்கும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: இலையை வெட்டுங்கள், தண்டை வெட்டாதீர்கள். வாழை குலை தள்ள ஒன்பது மாதம் முதல் ஒன்றேகால் வருடம்வரை வளர வேண்டும். நமக்குக் கோடை ஐந்து மாதம். தண்டு நின்றால்தான் போன வருடக் கணக்கு அடுத்த வருடத்துக்குப் போகும். தரையோடு வெட்டினால் கிழங்கு பிழைக்கும், ஆனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அவர் இன்னொன்றும் கேட்டார், ஊரிலிருந்து எலுமிச்சைக் குச்சியும் கறிவேப்பிலைக் கன்றும் பெட்டியில் கொண்டுவரலாமா என்று. கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எலுமிச்சையை அழிக்கும் பச்சை நோயை (சிட்ரஸ் கிரீனிங்) பரப்பும், சாறு உறிஞ்சும் சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் விருப்ப உணவு. ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்கள் என்ன ஆயின என்று பாருங்கள்.

ஜனவரி 25

தண்ணீர். குழாய்த் தண்ணீர் இப்போது கையில் பட்டால் எலும்பு வலிக்கிறது. மேட் போட்டுப் பாடுபட்டு 18-ல் வைத்த வேரின் தலையில் 5 டிகிரித் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரண்டு பக்கெட் நிரப்பிக் குடிலுக்குள் வையுங்கள், மறுநாள் ஊற்றுங்கள். விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். மேட் மேல் இருக்கும் தொட்டி கீழிருந்து காயும், மேலே ஈரமாகத் தெரியும். தொட்டியைச் சாய்த்து கனம் பார்ப்பது நம்பகமானது.

சப்போட்டா இலை அடியில் பழுப்புப் பொட்டு, தொட்டால் பிசுபிசுப்பு என்கிறீர்கள். செதில்பூச்சி. நகத்தால் தள்ளினால் வந்துவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர். இலை மேல் எறும்பு ஓடினால் மேலே எங்கோ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

பிப்ரவரி 15

மா பூத்துவிட்டதாகப் படம் போட்டீர்களே, சந்தோஷம். ஆனால் அதை ஒடித்துவிடச் சொல்லப் போகிறேன், திட்டாதீர்கள்.

படத்தில் பூங்கொத்து அரைச்சாண் இருக்கிறது, காம்பு சிவந்திருக்கிறது, அடிப்பூக்கள் விரிந்துவிட்டன. இப்போது இரவு உள்ளே 8, 9. அந்தக் குளிரில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. கரு இல்லாமல் கோலிக்குண்டு அளவு காய் வரும், உள்ளே கொட்டை இருக்காது, கொஞ்ச நாளில் மஞ்சளாகி உதிரும். கூடவே இந்த ஈரத்தில் சாம்பல் நோய் வந்து கொத்து மாவு தூவினது போல் ஆகிவிடும். ஃபுளோரிடாவில் சீக்கிரம் வந்த பூவைக் கிள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அடியோடு ஒடித்தால் கீழ்க் கணுவிலிருந்து அடுத்த கொத்து மார்ச் கடைசியில் வரும், அப்போது பகலும் நீண்டிருக்கும், இரவும் மிதமாகியிருக்கும். ஆனால் இரவுகள் இன்னும் குளிராக இருக்கும்போதே ஒடித்தால்தான் அடுத்ததும் பூவாக வரும். சூடு வந்த பிறகு ஒடித்தால் இலை வரும், இந்த வருடம் அவ்வளவுதான்.

எனக்கும் கை நடுங்கும். இரண்டு கொத்து இருந்தால் ஒன்றை ஒடித்து ஒன்றை விடுங்கள், எது நடக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

மார்ச் 8

நேற்று மதியம் வெளியே 9 டிகிரி, நல்ல வெயில், உள்ளே 38. குளிருக்குப் பயந்து எல்லாப் பொத்தலையும் அடைத்தவர்களுக்கு இப்போது வேறு வேலை. கூரை ஜன்னலுக்கு மெழுகு உருளை வைத்த தானியங்கித் திறப்பான் கிடைக்கும், மின்சாரம் வேண்டாம், மெழுகு சூட்டில் விரிந்து ஜன்னலைத் தள்ளும். இல்லையென்றால் காலையில் ஆபீஸ் போகும்முன் கதவை நான்கு விரல் திறந்து வையுங்கள். உள்ளே ஒட்டின பபிள் ரேப்பைத் தெற்குப் பக்கம் மட்டும் பிரித்துவிடலாம்.

ஏப்ரல் 5

இரண்டாவது கொத்து வந்துவிட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். பதினோரு மணிக்கு மேல் மெல்லிய தூரிகையால் பூக்களின் மேல் லேசாகத் தடவுங்கள். ஊரில் இந்த வேலையை ஈக்கள்தான் செய்கின்றன. குடிலுக்குள் ஈயை வரவழைக்க மீன் தலை தொங்கவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். காய் பிடித்தது, ஆனால் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. தூரிகை போதும்.

பப்பாளி சாய்ந்த செய்திக்கு வருத்தம். ஆச்சரியமில்லை.

மே 10

வெளியே எப்போது? இரவு தொடர்ந்து 10-க்கு மேல் நிற்கும்போது, இங்கே மே நடுப்பகுதி. ஒரே நாளில் வெயிலில் தள்ளாதீர்கள். பிளாஸ்டிக்குக்குள் வளர்ந்த இலை நேர் வெயிலில் வெளுத்து, பிறகு காகிதம் மாதிரி பழுப்பாகிவிடும். முதல் வாரம் வீட்டு நிழல், அடுத்த வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில். பிஞ்சு நிற்கும் மாவை மட்டும் கடைசியில் எடுங்கள், காற்று அடிக்கும் நாளில் எடுக்காதீர்கள்.

மேட்டைத் துடைத்துக் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்தால் உள்ளே கம்பி ஒடிந்து அடுத்த நவம்பரில் பாதி மேட் மட்டும் சுடும், எந்தப் பாதி என்று தொட்டுத் தொட்டுத் தேட வேண்டும்.